கனகசபை மாஸ்டரின் பெற்றோல் மீற்றர்

கார் மின்சார வேலையில் பாதி, வயரைப் பார்ப்பது; மீதிப் பாதி, வயரைப் பற்றி வாடிக்கையாளர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பது. இந்த இரண்டாவது பாதிக்குத்தான் பதினொரு வருடமாக எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில் எங்கள் கராஜ். வாசலோரம் கவுண்டர், கவுண்டருக்குப் பின்னால் நான். வருகிறவர் சொல்லும் குறையை ஜொப் கார்டில் எழுதி உள்ளே அனுப்புவேன். உள்ளே அதைத் திருத்துகிறவர் நாசர் நானா; முஸ்லிம் ஆட்களை அண்ணன் என்ற அர்த்தத்தில் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கொட்டாஞ்சேனையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார், பத்தொன்பது வருடமாக இதே கராஜ்தான்.

"உங்களிட்ட குடுத்த பிறகுதான் பழுதாப்போச்சு" என்ற வசனத்தை வாழ்க்கையில் ஒரு தடவையாவது கேட்டு, பதில் சொல்லாமல் சிரித்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் பல் வைத்தியரிடம் வேலை செய்தாலும் சரி, தையல் கடையில் இருந்தாலும் சரி, எனக்குச் சொந்தக்காரர்தான். இதில் வருவது முக்கியமாக ஒரே ஒரு கார். அந்தக் காரின் பெற்றோல் மீற்றரால் நாசர் நானாவின் வேலையும் பேரும் போகப் பார்த்தன. அதற்கு முன்னால் அந்தக் காரோடு எங்களுக்கு இருந்த பழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

காலையில் கதைக்கும் கார்

கனகசபை மாஸ்டர் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். முப்பது வருடம் பரீட்சை மண்டபங்களில் மேற்பார்வை பார்த்தவர். பார்த்தெழுதுகிற பிள்ளையை அதன் பிடரியை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று இன்றைக்கும் சொல்வார். இரண்டு மகன்மாரும் கனடாவில். அவர்கள் காசு அனுப்பி எடுத்த கார், ஜப்பானில் கொஞ்சக் காலம் ஓடிவிட்டு இங்கே வந்தது. ஏழு பேர் இருக்கலாம், ஏறுவது மாஸ்டரும் அவர் மனைவியான அன்ரியும் மட்டும். அதன் திரை, குரல், கைநூல் எல்லாமே ஜப்பான் பாஷை. இந்த ஊரில் அரைவாசிப் பேர் வாசிக்கத் தெரியாத காரைத்தான் ஓட்டுகிறோம், அதனால் யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை.

மாஸ்டர் முதல் தடவை வந்தது, காலையில் கார் வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டது என்று. ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு பெண் குரல் மரியாதையாக ஏதோ சொல்லுமாம், அன்ரி "ஓம் ஓம்" என்று பதில் சொல்லுவாவாம். பற்றரி இறங்கியிருந்தது. நாசர் நானா புதியது போட்டதும் குரல் திரும்பி வந்தது. எனக்கு ஒரு ஆர்வம். கைத்தொலைபேசியின் மொழிபெயர்ப்பை அந்தக் குரலுக்குப் பக்கத்தில் பிடித்தேன். அதிவேக வீதிச் சுங்க அட்டையைச் செருகவில்லை என்று ஜப்பானில் உள்ள ஒரு வீதிக்காக அந்தப் பெண் தினமும் நினைவூட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொல்லி, வேண்டுமென்றால் நிறுத்தி விடலாம் என்றேன். மாஸ்டர் அன்ரியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நிப்பாட்டாதேங்கோ பிள்ளை. காலமையில எங்களோட கதைக்கிறது அது ஒண்டுதான்."

சுவிட்சுக்குள் சந்தனம்

இரண்டாவது தடவை, சாரதி பக்கத்துக் கண்ணாடி இறங்குகிறது, ஏறவில்லை. மழை நாள் வேறு. மாஸ்டர் ஒரு கையால் குடையைக் காருக்குள் பிடித்துக்கொண்டு ஓட்டி வந்தார். என்ன நடந்தது என்று கேட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்றார். வாடிக்கையாளர் எல்லோருக்கும் ஒன்றும் நடப்பதில்லை. ஜொப் கார்டில் அந்த வசனத்துக்குத் தனியாக ஒரு கட்டம் அச்சடித்து வைக்கலாம் என்று முதலாளியிடம் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன்.

நாசர் நானா கதவின் சுவிட்சைக் கழற்றினார். உள்ளே சந்தனம், குங்குமம், ஒரு மல்லிகை இதழ், எல்லாம் பன்னீரில் குழைந்து களி போல இருந்தது. முந்தின வாரம்தான் காருக்குப் பூசை வைத்திருக்கிறார்கள். ஐயர் முன்பக்கம் தெளித்தது போதாதென்று, உள்ளுக்கும் கொஞ்சம் விடுங்கோ என்று அன்ரி கேட்டிருக்கிறா. மனுசன் செம்போடு கவிழ்த்துவிட்டார். நாசர் நானா குங்குமத்தைத் துணியால் துடைத்து எறியவில்லை. பக்குவமாகச் சுரண்டி ஒரு வெள்ளைக் கடதாசியில் மடித்து, கோயில் சாமான், அவர்களிடமே கொடுத்துவிடுங்கள் என்று என் கையில் தந்தார். பிறகு குரலைக் குறைத்துக்கொண்டு சொன்னார்.

"போன மாசம் கொட்டாஞ்சேனைல ஒரு காருக்குள்ள தேவாலயத்துத் தண்ணி, இதுல பன்னீர். எங்கட ஆக்கள் ஓதி ஊதுறது மட்டும்தான், மிஸ். காத்தால ஷோர்ட் ஆகாது."

கடலைப் பார்த்தால் நாலு, காலி வீதியைப் பார்த்தால் ஏழு

மூன்றாவது வருகைதான் எங்களைப் பிடித்த சனி. பெற்றோல் மீற்றர் பொய் சொல்கிறது என்றார் மாஸ்டர். புதுக் கார்களில் முள் கிடையாது, திரையில் கட்டம் கட்டமாக எரியும். இதில் பத்துக் கட்டம். ஒழுங்கையில் கடலைப் பார்த்து நிறுத்தினால் நாலு கட்டம், திருப்பிக் காலி வீதியைப் பார்த்து நிறுத்தினால் ஏழு. அடித்த பெற்றோலும் ஏறுவதில்லையாம். ஒரு கிழமை முழுக்க எந்த நேரம், எந்தப் பக்கம், எத்தனை கட்டம் என்று கோடு போட்ட தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். தாளின் மேலே தலைப்புப் போட்டு, அடிக்கோடும் கீறியிருந்தார்.

ஒழுங்கை சரிவு. டாங்கிக்குள் இருக்கும் மிதவை, தண்ணீரில் மிதக்கும் எதையும் போலச் சரிவுக்கு ஏற்றபடி ஏறி இறங்கும். இதை நாசர் நானா ஒரு சோடாப் போத்தலைச் சரித்துப் பிடித்து விளக்கினார். மாஸ்டர் போத்தலைப் பார்க்கவே இல்லை, நாசர் நானாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கொம்பியூட்டரைக் காரோடு பூட்டிப் பார்த்தோம். ஒரு பிழையும் காட்டவில்லை. காரில் பிழை ஒன்றும் இல்லை என்று நான் சொன்னதும் மாஸ்டரின் முகம் இறுகிவிட்டது. நல்ல செய்தி சொன்னால் கோபப்படுகிற வாடிக்கையாளர்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

"பிழை இல்லாட்டி நான் ஏன் வந்தனான்?"

அந்த "ஓ"

அவருக்காகவே மீற்றரைக் கழற்றி, இணைப்புகளைச் சுத்தம் பண்ணித் திரும்பப் பூட்டுவது என்று முடிவாயிற்று. கார் ஒரு பகல் எங்கள் முற்றத்தில் நின்றது. எங்கள் முற்றமும் கடலை நோக்கிச் சரிவுதான். பின்னேரம் மாஸ்டர் வந்து சாவியைத் திருப்பினார். காலையில் ஏழு கட்டம், இப்போது ஐந்து.

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருக்கலாம். காரை விட்டு இறங்கி, கவுண்டருக்கு வந்து, வேலை செய்தது யார் என்று கேட்டார். மூன்று தடவை அவரோடு கதைத்த மனிதரின் பெயரை அவர் அதுவரை கேட்டதில்லை. சொன்னேன். "ஓ" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு எழுத்துக்குள் என்னென்ன இருந்தது என்று கொழும்பில் வளர்ந்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை. எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை, வாடிக்கையாளர் பாருங்கள்.

இரவுக்குள் அவர்களுடைய தொடர்மாடிக் குடியிருப்பின் வட்ஸ்அப் குழுவில் செய்தி போய்விட்டது. கராஜில் கார் விடுகிறவர்கள் பெற்றோல் மீற்றரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளவும், பெயர் சொல்ல விரும்பவில்லை, கடல் பக்க ஒழுங்கையில் உள்ள கராஜ் என்று. அந்த ஒழுங்கையில் கராஜ் ஒன்றுதான். மறுநாள் நாலு பேர் தங்கள் கார்களைப் பற்றி முதலாளியிடம் கேட்டுவிட்டார்கள். முதலாளி நல்ல மனிதர், பயந்த மனிதர். விஷயம் ஆறும்வரை கொஞ்ச நாள் வீட்டில் இருக்கும்படி நாசர் நானாவிடம் சொன்னார். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று நானா கேட்டார், முதலாளி கணக்குக் கொப்பியைத் திறந்தார். எங்கள் தொழிலில் பெற்றோல் எடுக்கிறவன் என்று பேர் வந்தால் பாமன்கடையிலும் வேலை இல்லை, பம்பலப்பிட்டியிலும் வேலை இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் அந்தப் பேரோடு எங்கே போய் நிற்பது?

இப்போது என் பங்கையும் எழுதிவிடுகிறேன். அவர் சாமானை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது, என் கண் அவருடைய மோட்டார் சைக்கிளின் டாங்கிப் பக்கம் ஒரு தரம் போய் வந்தது. பதினொரு வருடம் பக்கத்தில் வேலை செய்தவள் நான். அதை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அவர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"பார்த்தா பரவால்ல மிஸ். உங்கட எடத்துல நான் நின்டாலும் ஒருக்காப் பார்ப்பேன்."

உள்ளே வேறு ஒருவரும் இல்லையா

நாசர் நானா இல்லாத கிழமையில் வேலையெல்லாம் தேங்கியது. அவசரத்துக்கு வந்தவர்களுக்கு நானே முடிந்ததைப் பார்த்தேன். பாமன்கடையிலிருந்து ஒரு டொக்டர் வந்தார். முன்சீற் பெல்ற் எச்சரிக்கை ஓயாமல் அடிக்கிறது, ஆள் இல்லாத சீற்றுக்கு எதற்கு பெல்ற், காரின் மூளையே பழுதாகிவிட்டது என்றார். எட்டிப் பார்த்தேன். முன்சீற்றில் பத்துக் கிலோ அரிசிப் பை கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. பாரம் இருந்தால் ஆள் என்றுதான் கார் நினைக்கும், பையைப் பின்னால் வையுங்கள் என்றேன். வைத்தார். சத்தம் நின்றது. நோயாளிகளுக்கு அவர் கொடுக்கும் நேரத்தை விடக் குறைந்த நேரத்தில் வைத்தியம் முடிந்தது. நன்றி சொல்வார் என்று ஒரு கணம் நினைத்தது என் பிழைதான்.

"தங்கச்சி, இதை உள்ளுக்கு வேலை செய்யிற ஆம்பிளை ஆரிட்டையும் ஒருக்காக் கேட்டு உறுதிப்படுத்தலாமா?"

ஏசி நிற்காத குடும்பம்

அன்று மாலை காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றேன். எதிரே பெற்றோல் அடிக்கும் செட். மாஸ்டரின் கார் உள்ளே நுழைந்தது. மாஸ்டர் இறங்கி நின்றார். அன்ரி உள்ளேயே, கண்ணாடி மூடியபடி. காருக்குக் கீழே ஏசித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கார் ஓடிக்கொண்டே பெற்றோல் குடித்தது. ஆயிரம் ரூபாவுக்கு அடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்துக்குப் பிறகு, நம்மில் பல பேருக்கு டாங்கி பாதிக்குக் கீழே இறங்கினால் நெஞ்சு அடைக்கும். அதனால் இரண்டு நாளைக்கு ஒருக்கா ஆயிரம் ரூபாவுக்கு ஊற்றிக்கொள்வோம், மொத்தமாக அடிக்க மனம் வராது. வெயிலும் பொறுக்காது, எனவே எஞ்சினை நிறுத்துவதும் இல்லை. மறுநாள் அந்த மொடல் காரின் கைநூலை இன்டர்நெட்டில் தேடிப் பிடித்து, பக்கம் பக்கமாக மொழிபெயர்த்துப் பார்த்தேன். தெளிவாகவே போட்டிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஊற்றினாலோ, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாலோ மீற்றர் அதைக் கணக்கில் எடுக்காமல் விடலாம். கழற்றிப் பூட்டிய பின் முதல் அளவைச் சரிவில் எடுத்தால் அதுவும் பிழைக்கும். ஆக, ஏழு ஐந்தானது எங்கள் முற்றத்தின் சரிவால். அதற்குப் பிறகு ஊற்றிய எதுவும் ஏறாதது அன்ரியின் ஏசியால்.

உறுதிக்காகச் செட்டில் பெற்றோல் அடிக்கிற ஆளிடம் போனேன். ஹட்டன் பக்கத்து மனிதர், பேர் செல்வம். அந்தக் காரை நன்றாகத் தெரியும் என்று சிரித்தார்.

"எஞ்சின நிப்பாட்டுங்கன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லிப் பாத்துட்டேங்க. அந்த ஐயா என்னையப் பாத்து, பெட்ரோல் எல்லாம் உள்ள போகுதான்னுதான் கேக்குறாரு."

முப்பத்தொரு லீற்றர்

முதலாளியிடம் கைநூலைக் காட்டினேன். அவருக்கு விளங்கியது, ஆனால் மாஸ்டருக்கு விளங்க வைக்க வேண்டுமே. எல்லோர் முன்னாலும் டாங்கியை வெறுமையாக்கி அளந்து பார்ப்போம் என்று தீர்மானித்தோம். நாசர் நானாவையும் வரச் சொன்னோம். வேறு ஆளை வைத்து அளந்தால் அதற்கும் ஒரு கதை வரும் என்று அவரே வந்துவிட்டார். சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். கலியாண வீட்டுக்கு வந்தவர் போல ஓரமாக நின்றார்.

மாஸ்டர் பத்து மணிக்கு வந்தார். பெற்றோல் இறக்கும்போது ஏசி போட முடியாது என்பதால் அன்ரி இறங்க வேண்டியதாயிற்று. அவ நிற்கிறதை நான் பார்த்தது அன்றுதான். உள்ளே மின்விசிறிக்குக் கீழே இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொடுத்தோம். அதற்குள் காரை மட்டமான இடத்துக்குத் தள்ளி வைத்தோம். திரையில் ஐந்து கட்டம். டாங்கி மொத்தம் நாற்பத்திரண்டு லீற்றர் பிடிக்கும், ஆகவே அதிகம் போனால் இருபத்தொன்று இருக்க வேண்டும். மாஸ்டரே சரி என்றார். கணக்கில் அவரை யாரும் வெல்ல முடியாது.

நாசர் நானா குழாயைப் பூட்டி, ஐந்து லீற்றர் கேன்களில் இறக்கினார். நாலு கேன் நிறைந்தபோது மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஐந்தாவது நிறைந்தது. ஆறாவதும் நிறைந்தது. ஏழாவதில் ஒரு லீற்றர் விழுந்து நின்றது. முப்பத்தொன்று. நான் கைநூலின் பக்கத்தை எடுத்து மாஸ்டரிடம் வாசித்துக் காட்டினேன். ஓடுகிற எஞ்சின், ஆயிரம் ரூபாப் பெற்றோல், சரிவு, எல்லாம் ஒவ்வொன்றாக. அன்ரி தலையாட்டினா. செட்டில் எஞ்சினை நிறுத்தச் சொன்னார்கள்தான் என்று மெதுவாக ஒப்புக்கொண்டா. இனி மாஸ்டர் ஒரு சொல் சொன்னால் போதும். பிழையாக நினைத்துவிட்டேன் என்று நாசர் நானாவைப் பார்த்துச் சொன்னால் போதும். முற்றத்தில் நின்ற எல்லோரும் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தோம்.

மாஸ்டர் ஏழு கேனையும் ஒரு தரம் எண்ணினார். பிறகு அவர் முகம் தெளிந்தது. முப்பது வருடம் பரீட்சை மண்டபத்தில் பிடரிகளைப் பார்த்த அதே தெளிவு என்று நினைக்கிறேன். தாங்கள் தேத்தண்ணி குடித்த பத்து நிமிடம் கார் இவர்களிடம்தானே நின்றது என்று அன்ரிக்கு விளங்கப்படுத்தினார். அன்ரி ஏதோ சொல்ல வாயெடுத்தா, அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். நேரே நாசர் நானாவிடம் போனார். அந்த மனிதரின் தோளில் கையை வைத்தார். குரலில் உண்மையான அன்பு இருந்தது, அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

"எடுத்ததைக் கூடக்குறையப் பார்க்காமல் திருப்பி ஊத்திப்போட்டீர். மனுசன் எண்டா பிழை விடுறதுதான் தம்பி, நான் மன்னிச்சிட்டன்."

நாசர் நானா என்னைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். முதலாளி நிலத்தைப் பார்த்துக்கொண்டு, நாளையிலிருந்து வழமை போல வரலாம் என்றார். நானா கேன்களைத் தூக்கி, ஒரு சொட்டுக் கீழே சிந்தாமல், முப்பத்தொரு லீற்றரையும் திரும்ப ஊற்றினார். நான் உள்ளே போய்க் கவுண்டருக்குப் பின்னால் அழுதேன். அவர் மறுநாள் வேலைக்கு வந்தார், வராமல் என்ன செய்வது? அன்றிரவே வட்ஸ்அப் குழுவில் மாஸ்டர் இன்னொரு செய்தி போட்டிருந்தார். கராஜ்காரர் பிழையை உணர்ந்துவிட்டார்கள், இனி எல்லோரும் நம்பிக் கார் விடலாம் என்று.

அந்தத் தொடர்மாடியிலிருந்து மட்டும் இப்போது கிழமைக்கு ஐந்தாறு கார் வருகிறது, எடுக்காத பெற்றோலைத் திருப்பிக் கொடுத்த நேர்மைக்காக எங்களுக்கு வெள்ளவத்தையில் அப்படி ஒரு நல்ல பெயர்.